அறைக்குள் மாடு

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவரையும் நம்பவில்லை.

சொன்னவர் ஜெயராஜ். கண்டிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவர். பேராதனையில் நாங்கள் இருவரும் ஒரே தேத்தண்ணிக் கடையில் உட்காருகிறவர்கள்.

கதை இதுதான்.

தெல்தோட்டைப் பக்கம் கிருஷாந்தி என்றொரு பெண். கணவர் யுகேஷ், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஒரு பசு, சில ஆடுகள், கேட்காமல் வீட்டுக்குள் வந்து போகும் கோழிகள். வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பால் கறப்பதைப் பார்க்கலாம், ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே ஆட்கள் வந்தார்கள். அந்த அறையை நம்பித்தான் யுகேஷ் டவுன் வேலையை விட்டிருந்தார்.

ஒரு நாள் கொட்டும் மழையில், முன்கூட்டியே புக் பண்ணியிருந்த வெள்ளைக்காரத் தம்பதியை ஜெயராஜ் அங்கே கூட்டிப்போனார். கிருஷாந்தி குடையோடு வாசலிலேயே மறித்துவிட்டார்.

"அறை இல்லைண்ணே."

"என்ன தங்கச்சி வெளையாட்டு? போன வாரமே சொல்லியாச்சே!"

"பசு கன்னு போட்டிருக்கு. காத்துல கொட்டில் தகரம் பறந்துருச்சு. அறையிலதான் கட்டியிருக்கேன்."

"மாட்டையா? மெத்தை போட்ட அறையிலயா?"

"ஆமாண்ணே."

"வெளிய கட்டு. இவங்க கடல் தாண்டி வந்திருக்காங்க."

"பச்சக் கன்னு, நனையும். மன்னிச்சுக்கங்க."

"சரி, சீம்பாலாவது கொடு. கன்னு போட்ட வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போறதா?"

கிருஷாந்தி முழித்தாராம். "இல்லைண்ணே" என்றாராம்.

மறுநாள் கடையில் ஜெயராஜ் இதைச் சொன்னபோது பக்கத்தில் அவருடைய தம்பி ரவிகுமாரும் இருந்தான். குடித்தால் பெண்டாட்டி மேல் கை நீட்டுகிறவன். அந்த வாரந்தான் அவன் பெண்டாட்டி தர்ஷிகா கைக்குழந்தையோடு வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

"தெல்தோட்டைக்குத்தான் போயிருப்பா," என்றான் ரவிகுமார். "அந்தக் கிருஷாந்தியும் இவளும் ஒரே தோட்டத்துல வளந்தவளுங்க. இன்னைக்குப் போயி முடியப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

"அங்க என்னத்துக்குடா? நேத்துத்தானே போயிட்டு வந்தேன். இருக்கிறது ஒரு அறை. அதுல மாடும் கன்னும் மெத்தையில படுத்திருக்கு. நானே கண்ணால பாத்தேன்."

எழுந்து நின்று, மாடு தலையணையில் தலை வைத்துப் படுப்பதை நடித்துக் காட்டினார். கடையே சிரித்தது. ரவிகுமாரும் சிரித்தான். பிறகு தெல்தோட்டையை விட்டுவிட்டு, அவளைத் தேடி ஹட்டன் பஸ்ஸில் ஏறினான்.

ஜெயராஜ் அத்தோடு விடவில்லை. வேன் ஸ்டாண்டில் சொன்னார், கோயில் திருவிழாவில் சொன்னார், தம்பி வீட்டுக்குப் போனபோதெல்லாம் சொன்னார். அந்த வீட்டுக்கு 'மாட்டு ஹோட்டல்' என்று பெயரே விழுந்துவிட்டது. வெள்ளைக்காரத் தம்பதி இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டார்கள். மற்ற டிரைவர்கள் அங்கே ஆள் கொண்டுபோவதை நிறுத்தினார்கள்.

"ஒரு குடும்பத்துப் பொழப்பு, ஜெயராஜ்," என்றேன் ஒரு நாள்.

"சும்மா சிரிக்கத்தானே சார்!"

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மழை பெய்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டைக்குப் போனேன்.

"மாட்டோட தங்க வந்தீங்களா?" என்றார் கிருஷாந்தி, சிரிக்காமல்.

யுகேஷ் பெயர்ப் பலகையைக் கழற்ற ஏணி போட்டிருந்தார். "ஆளே வரல. இது எதுக்கு இங்க தொங்கணும்?"

"ஏணியில ஏறினது ஏறினதுதான். பலகையில ஒரு மாட்டையும் வரைஞ்சிட்டு எறங்குங்க. சிரிக்கிறவங்க வந்து பாத்துட்டே சிரிக்கட்டும். அறையை மூட மாட்டேன்," என்றார் கிருஷாந்தி.

போகும்போது கொட்டிலைப் பார்த்தேன். கூரைத் தகரம் முழுக்கப் பழைய துரு. ஒன்றுகூடப் புதிதில்லை. பசுவுக்கு அப்போதுதான் வயிறு இறங்கியிருந்தது. இன்னும் கன்று போடவேயில்லை.

ஜெயராஜிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வாயாடி மனுஷன், ஏமாந்தது தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடாத அறைக்கு மெல்ல மெல்ல ஆள் வந்தது. பலகையில் இருந்த மாட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகொரு நாள் அவருடைய வேனில் போய்க் கெட்டம்பேயில் வாகன நெரிசலில் சிக்கி நின்றபோது, ஜெயராஜ் அதே கதையை ஆரம்பித்தார். இந்த முறை புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது.

"கதவைத் தொட்டேன் சார். உள்ளுக்குள்ள தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு."

சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஹார்ன் அடித்தார். முன்னால் போக இடமே இல்லை.

போன மாதம் ரவிகுமார் இறந்துபோனான். ஈரல் கெட்டுவிட்டது. சாவு வீட்டுக்குத் தர்ஷிகா வந்தாள், வளர்ந்த மகளோடு. தர்ஷிகாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் கிருஷாந்தி. ஊரே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஜெயராஜ் மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லாமல் மூன்று கதிரைகளைத் தூக்கி வந்து போட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார் மூவரிடமும்.

அதற்குப் பிறகு மாட்டுக் கதையை அவர் சொல்லவேயில்லை. யாராவது கேட்டாலும், "அதெல்லாம் பழசு" என்று எழுந்து போய்விடுகிறார்.

நேற்று கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"ஜெயராஜ், அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் உங்க தம்பிகிட்ட ஏன் சொல்லல?"