வண்டுக்கு ஒரு பெயர்

"இந்தப் பேர் ஏற்கெனவே ஒரு செடிக்கு இருக்கேப்பா. அறிவியல்ல ஒரே பேரை ரெண்டுக்கு வைக்க முடியாது," என்றார் அருங்காட்சியக இயக்குநர்.

உதவியாளர் தலை குனிந்துகொண்டார். அந்தப் புது வண்டினத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்கு, இறந்துபோன தன் மகளின் பெயரை வைக்கக் கேட்டிருந்தார். மகளுக்கே அந்தச் செடியின் பெயரைத்தான் வைத்திருந்தார்.

"அப்ப நீங்களே ஒண்ணு வைங்க ஐயா."

இயக்குநர் வைத்தார். பெயர்ச்சீட்டை உதவியாளரே முத்து முத்தாக எழுதி, பெட்டியில் ஒட்டினார்.

மறுவருடம் புதிதாக வேலைக்கு வந்த பெண் விஞ்ஞானியிடம் இதைச் சொன்னார்.

"செடிக்கும் பூச்சிக்கும் ஒரே பேர் தாராளமா வைக்கலாமே. இயக்குநருக்குத் தெரியாதா என்ன?"

"இப்ப மாத்தலாமாம்மா?"

"ஆய்விதழ்ல பேர் அச்சாயிட்டா மாத்த முடியாதுங்க. ஆமா, இந்தச் சீட்டுல இருக்கிறது யாரோட பேரு?"

உதவியாளர் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

"இயக்குநர் வீட்டு நாயோடதும்மா."