கடல் நிலவரம் இல்லாத நாள்

தொலைபேசி அடித்த அடியில் கம்சிகா பாய்ந்து எடுத்தாள். கை பட்டுத் தேத்தண்ணி மேசையெல்லாம் ஓடியது. ஓடட்டும், இன்றைக்கு வந்த முதல் அழைப்பு அல்லவா!

“வணக்கம் நேயரே! விடிய ஏன் கடல் நிலவரம் வரேல்லை எண்டுதானே கேக்கப்போறியள்?”

“இல்லைக் கம்சிகா, எங்கட மனுசன் நிக்கிறாரோ? கைபேசியை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறார்.”

நிலையப் பணிப்பாளர் சசிகரனின் மனைவி பிரியதர்சினி. கம்சிகாவுக்குச் சப்பென்று போய்விட்டது.

ஊர்காவற்றுறையில் ஒரு மேல்மாடியில் இயங்கும் அந்தச் சின்ன வானொலியில் அவள் சேர்ந்து ஆறு மாதம். பகலில் இணையத்தளத்துக்குச் செய்தி திருத்துவாள். விடிய நாலரைக்குக் கடல் நிலவரம் வாசிப்பாள்: காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, கடைசியில் ‘போகலாம்’ அல்லது ‘போகாதேங்கோ’. அதற்காகச் சரவணையில் இருந்து இருட்டோடு ஸ்கூட்டியில் வருவாள். வழியில் நிற்கிற நாய்களுக்குக்கூட அவளைத் தெரியும். அவளைக் கேட்கிறவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது. தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, கடலில் கால் நனைத்ததே இரண்டு தரம்தான்.

நேற்றுத்தான் சசிகரன் கணினியைத் திருப்பிக் காட்டினார். எதையும் வரைபடமாகப் பார்த்தால்தான் அந்த மனுசனுக்கு நம்பிக்கை வரும்.

“உம்மட இணையச் செய்தியை ஆயிரக்கணக்கில பாக்கினம். ஆனால் இந்தக் கடல் நிலவரத்துக்கு ஆறு மாசத்தில ஒரு அழைப்பு? ஒரு லைக்? ஒண்டுமில்லை.”

“படுத்துக்கிடந்து லைக் போடுற நேரமே சேர் அது?”

“சரி, நாளைக்கு வாசிக்காதையும். பாட்டுப் போடும். பின்னேரம் ஐஞ்சு மணிக்குள்ள பத்துப் பேர் எடுத்து ஏன் எண்டு கேட்டால் நிகழ்ச்சியும் இருக்கும், உமக்கு நிரந்தர நியமனமும் வரும். இல்லாட்டி ரெண்டும் இல்லை.”

அந்தப் பாட்டைத்தான் இன்று விடியப் போட்டாள். போடுமுன் வளிமண்டலத் திணைக்கள அறிக்கையை மூன்று தரம் வாசித்துப் பார்த்தாள். மாசி மாதம், கடல் குளம்போலக் கிடந்தது. ஒரு சின்ன எச்சரிக்கை இருந்திருந்தாலும் வேலை போனால் போகட்டும் என்று வாசித்திருப்பாள்.

பதினொரு மணிக்கு இரண்டாவது அழைப்பு. மறுபடி பிரியதர்சினிதான்.

“கனடாவில இருந்து மாமா ஆக்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வருகினம். நண்டு வேணுமாம், விளைமீன் வேணுமாம். சந்தையில ஒரு சூடை மீன்கூட இல்லை. என்ன செய்யிறது எண்டு கேளும்.”

கம்சிகா கதவால் எட்டிக் கேட்டாள். சசிகரன் கணினியை விட்டுத் தலை நிமிரவில்லை. “பதினொரு மணிக்குப் போனால் மீன் இவவைப் பாத்துக்கொண்டு இருக்குமே? வெள்ளென எழும்பச் சொல்லும்!”

“கொஞ்சம் வெள்ளெனப் போயிருக்கலாமாம் அக்கா,” என்று தேன் தடவிச் சொன்னாள் கம்சிகா.

மதியம் தாண்டியது. தொழில்நுட்பம் பார்க்கிற றொமேஷுக்கு மனம் கேட்கவில்லை. “நான் பத்துப் பெடியளைப் பிடிச்சு எடுக்கச் சொல்லட்டோ? ஐஞ்சு நிமிச வேலை.”

ஆசையாகத்தான் இருந்தது. “வேண்டாமடா. கள்ளவோட்டில வெண்டு, நாளைக்கு ஆருக்கு வாசிக்கிறது?”

மூன்று மணிக்கும் தொலைபேசி அடித்தது. கோழி வாங்கட்டோ என்று பிரியதர்சினி கேட்டாள்.

ஐந்து மணி. சசிகரன் வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். கெட்ட மனுசன் இல்லை, குரல் தணிந்துதான் வந்தது. “உமக்கு நல்ல குரல். கேக்கத்தான் ஆள் இல்லை. நான் என்ன செய்ய?”

கம்சிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை நிரந்தரமாகாததுகூடப் பெரிதில்லை. ஆறு மாதமாக நித்திரை முறித்து ஓடி வந்து சுவருக்கா வாசித்தேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தொலைபேசி அடித்தது.

“அக்காவாத்தான் இருக்கும். நீங்களே எடுங்கோ சேர்.”

சசிகரன் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். கரகரத்த ஒரு குரல் வந்தது. “எழுவைதீவில இருந்து பஸ்ரியாம்பிள்ளை கதைக்கிறன், மீன்பிடிச் சங்கத் தலைவர். கடல் நிலவரம் வாசிக்கிற பிள்ளை நிக்கிறாவோ?”

“நிக்கிறா, நிக்கிறா. ஐயா, இண்டைக்கு விடிய அது வரேல்லை எண்டு கவனிச்சனீங்களோ?”

“கவனிக்காமல்?”

“பிறகேன் ஒருத்தரும் எடுத்துக் கேக்கேல்லை?” சசிகரன் வென்றுவிட்ட முகத்தோடு கம்சிகாவைப் பார்த்தார்.

“கேக்கிறதுக்கு என்ன கிடக்குத் தம்பி? கார்த்திகையில புயல் அடிச்ச அண்டைக்குக் கரண்ட் போய்ப் பிள்ளையின்ர சத்தம் வரேல்லை. போகாமல் நிண்டுதான் தப்பினனாங்கள். அதுக்குப் பிறகு பிள்ளை சொல்லாமல் நாங்கள் வெளிக்கிடுறேல்லை.”

கம்சிகா ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“சொல்லுங்கோ ஐயா, நான்தான் கம்சிகா.”

“இந்தப் பக்கம் முழுக்க இண்டைக்கு ஒரு வள்ளமும் இறங்கேல்லை மோனை. நாளைக்காவது நாங்கள் கடலுக்குப் போகலாமோ?”