ஏன் என்று கேட்கிற நாடு

அடையாள அட்டையை அந்த ஆள் மறுபடியும் நீட்டினார். சலவை ஆலை மேனேஜர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அச்சு அசலா பண்ணியிருக்காங்க" என்று மெச்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பாய்லர் இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தார் அவர். தொப்பி, சட்டையில் அரசு முத்திரை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. இந்தக் கம்பெனி விற்ற பாய்லர்களில் எல்லாம் வால்வு மாட்டிக்கொள்கிறது, வெளிநாடுகளிலும் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள், உடனே அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள் என்றார்.

"ஏன்?" என்றார் மேனேஜர்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்க அவர் வெகுகாலமாக ஏங்கிக்கொண்டிருந்தார். ஆலையின் முதலாளி அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். பிழைக்கப் போன தேசத்திலேயே தங்கிவிட்டு, அங்கே ஒரு சலவை ஆலை, இங்கே ஒன்று, இரண்டிலும் ஒரே கம்பெனி பாய்லர் என்று நடத்துகிறவர். போனை எடுத்தால் ஒரே பாட்டுதான்.

"மாப்ள, உங்க ஊர்ல தொப்பி போட்டவன் சொன்னா கிணத்துலகூட குதிப்பீங்க. எங்க ஊர்ல ஏன்னு கேப்பாங்க."

மச்சான் பிறந்ததும் இதே ஊரில்தான். ஆனால் சம்பளம் போடுகிறவரிடம் அதையெல்லாம் யார் ஞாபகப்படுத்துவது? வீட்டிலோ மனைவி, அண்ணன் சொல்வதில் என்ன தப்பு என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவாள்.

இந்த நிலையில்தான் போன வாரம் அந்த போன் வந்தது. பல நாடுகளைச் சேர்த்து ஒரு ஆராய்ச்சியாம். போலி அதிகாரிக்கு எந்த நாட்டுக்காரன் அடங்கிப் போகிறான், எவன் நிமிர்ந்து நிற்கிறான் என்று பார்க்கிறார்களாம். ஒரு போலி இன்ஸ்பெக்டர் வருவார், அட்டை, முத்திரை எல்லாம் பக்காவாக இருக்கும், அவர் என்ன சொன்னாலும் பாய்லரை அணைக்கக் கூடாது என்றது குரல். உங்கள் வெளிநாட்டு ஆலையில் இதைப் பற்றி மூச்சு விட்டால் ஆராய்ச்சியே கெட்டுவிடும் என்றும் எச்சரித்தது. கட்டளை போட்டே பழகிய கணீர்க் குரல். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே கேட்டுக்கொண்டார்.

மறுநாளே ஆட்களைக் கூட்டினார்.

"நம்ம மானம் உங்க கையில இருக்கு. வர்றவன் தலைகீழா நின்னாலும் ஒருத்தரும் அசையக் கூடாது. இது என் உத்தரவு."

எல்லோரும் சரி சார் என்றார்கள்.

சொன்ன சொல் தவறாமல் இன்று ஒருவரும் அசையவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெண்கள் குனிந்தபடி வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். பாய்லர்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். மேனேஜர் பார்த்த பார்வையில் கை திரும்பி வந்துவிட்டது.

பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது, அதையாவது பாருங்கள் என்று கெஞ்சினார் வந்தவர். அவர் குரல் நடுங்கியது. நடுக்கத்தைக்கூட விட்டுவைக்காமல் நடிக்கிறாரே என்று மேனேஜருக்கு உள்ளூர மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில் அவர் பாய்லர்காரரின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். அவ்வளவுதான், நாலு பேர் சேர்ந்து அவரையே தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆலை முழுக்கக் கைதட்டல்.

கைதட்டல் ஓய்வதற்குள் பாய்லர் பிய்த்துக்கொண்டது.

கூரைத் தகடு பறந்தது. நீராவியில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. வந்தவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கைக்கு அகப்பட்டவர்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்லர்காரருக்கு மட்டும் முழங்கை வரை வெந்துவிட்டது.

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி வந்தவரிடம் நேரே போய் சல்யூட் அடித்தார்.

"அணைச்சிருப்பேன் சார்" என்றார் பாய்லர்காரர், ஆம்புலன்சில் ஏறும்போது. "நீங்க சொன்னீங்களேன்னுதான் விட்டேன்."

மேனேஜரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெருவோரத்தில் நனைந்த சட்டையோடு நின்று மச்சானுக்கு போன் போட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று ஆராய்ச்சி, குரல், இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். பாய்லரை விற்றவனுடைய ஆள்தான் பேசியிருக்க வேண்டும், இன்ஸ்பெக்டரை உள்ளே நெருங்க விடாமல் செய்யத்தான் இத்தனை நாடகமும் என்பது இப்போதுதான் உறைக்கிறது என்றார்.

"மன்னிச்சிடுங்க மச்சான். போன்ல பேசினவன்கிட்ட நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல நான்."

இதோ பாட்டு ஆரம்பிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து தீயணைப்பு வண்டி ஒன்று அலறிக்கொண்டு வருவது மட்டும் போனில் கேட்டது. இந்தத் தெருவில் அந்தச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"நானும் கேக்கல மாப்ள."