படுத்தபடியே பயிற்சி

"மகாராசாவுக்குக் கரண்டு குடுத்தாத்தான் காலு ஆடுதாம்!"

குழாயடியில் ஹேமலதா சொன்னதும் குடத்தோடு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுத் தருமனைத்தான் சொன்னாள். பல வருஷமாக அவனுக்கு நுரையீரல் நோய். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். நடக்காமலே கிடந்து தொடை சூம்பிப் போய், தறியில் உட்கார்ந்து பலகையை மிதிக்கக்கூட முடியவில்லை. இப்போது தறி மிதிப்பது அவன் மனைவி ராதிகா.

அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

"நீ தறி மிதிக்கிறே. அவரு தொடையில ஒயரை ஒட்டிகினு கட்டில்ல கிடக்காரு. இன்னாடி கூத்து இது?"

"ஆஸ்பத்திரியில குடுத்த மெஷின்க்கா. நடந்து பயிற்சி பண்ணா மூச்சு முட்டுது. இது லேசா கரண்டு குடுத்து சதையை இறுக்கி இறுக்கி விடுது. மூச்சு வாங்காமலே காலுக்குப் பலம் வருமாம். ஆறு வாரம் வைக்கணும்."

"படுத்துகினே பலமா? சோம்பேறிக்கு நல்ல வைத்தியம்டி!"

ராதிகா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆரணியின் அந்த நெசவாளர் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டுப் பட்டுப் பாவு ஆனாலும், தறியில் ஏற்றுமுன் அந்த நீள இழைகளைத் தெருவில் நீட்டும்போது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கை கொடுக்க வேண்டும். தருமன் வீட்டிலிருந்து நாலு மாதமாக ஆள் வரவில்லை. போன தெருக்கூட்டத்தில் ஹேமலதாதான் எழுந்து சட்டம் போட்டாள்.

"ஆள் அனுப்பாத வீட்டுப் பாவுக்கு யாரும் போகக் கூடாது. நோயி, வலின்னு சாக்கு சொன்னாலும் கிடையாது!"

ராதிகா தெள்ளாரிலிருந்து அண்ணன் தம்பிகளை வரவழைத்துத்தான் தன் பாவை நீட்டினாள்.

ஆறு வாரம் போனது. அன்று ஹேமலதா வீட்டுப் பாவு. விடியும்போதே கஞ்சியில் நனைத்தாகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் நீட்டாவிட்டால் இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்று கல்யாணப் புடவைக்கான பட்டு பாழ்.

தெருவில் ஒருவரும் இல்லை.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"போன ரெண்டு பாவுக்கும் உங்க வீட்டு ஆளு வரலியே அக்கா," என்றான் வெற்றிச்செல்வன், பல் விளக்கிக்கொண்டே.

"அவருக்கு இடுப்பு வலிப்பா..."

"வலின்னு சாக்கு சொன்னாலும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை.

வீட்டுக்குள் ஓடிக் கணவனை உலுக்கினாள். ராஜேஷ் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேஜார் பண்ணாதே. இன்னொரு தபா கூப்பிட்டுப் பாரு, வருவானுங்க."

மறுபடியும் தெருவுக்கு ஓடி வந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

தருமன். படி இறங்கினான். நாலடி வைத்து நின்றான். மூச்சு வாங்கியது. மறுபடி நடந்தான். வந்து பாவுக் கழியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எதுக்குப்பா? உனக்கு மூச்சு..."

"மூச்சு அப்படியேதான் இருக்குது அண்ணி. காலுதான் இப்ப நிக்குது. ஜல்தியா இழுங்க, வெயில் ஏறுது."

அவன் நிற்பதைப் பார்த்த வெற்றிச்செல்வன் வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கி வந்தான். பின்னாலேயே ஒவ்வொருவராக மற்றவர்களும். பாவு தெரு நீளத்துக்கும் விறைப்பாக நின்றது.

வேலை முடிந்ததும் ஹேமலதா காபியோடு வந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் பேசுனதையெல்லாம் மனசுல வச்சிக்காதப்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி."

தருமன் ஒரு மடக்குக் குடித்தான். திறந்திருந்த கதவு வழியாக, கட்டிலில் நீட்டியிருந்த ராஜேஷின் இரண்டு கால்களும் தெரிந்தன.

"மெஷினைத் திங்கக்கிழமைதான் திருப்பிக் குடுக்கணும்," என்றான். "அதுவரைக்கும் வேணும்னா அண்ணனுக்கு ஒட்டிப் பாக்கறீங்களா?"