பளிங்குத் தரையில் எண்ணெய்

அறுபத்தேழாம் வருடத்துக் கார், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். பல் டாக்டர் துல்லியோவுக்கு அதில் ஒரே குறை: எண்ணெய் ஒழுகி, வீட்டு கராஜில் போட்டிருக்கும் வெள்ளைப் பளிங்கு பாழாகிறதாம். அந்த மூஞ்சிக்கு அப்படியொரு கார் ஒரு கேடு.

"எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு கரண்ட் மோட்டார் மாட்டுய்யா," என்றார். இந்த மாதிரி எஞ்சின்கள் பிறக்கிற மொடேனா ஊரில், என் பட்டறையில் நின்றுகொண்டு!

"சத்தம் வராதே டாக்டர்?"

"ஸ்பீக்கர் வெச்சுக்கலாம்."

மாட்டிக் கொடுத்தேன். ஃபிரிட்ஜ் மாதிரி முனகிக்கொண்டு போனது. பழைய எஞ்சினை மூலையில் ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் ஒரு தட்டு வைத்தேன்.

ஒரே வாரத்தில் காரோடு வந்து கத்தினார். "என்னய்யா வேலை பாத்திருக்கே? மறுபடியும் தரையெல்லாம் எண்ணெய்!"

"அதுல எண்ணெயே கிடையாது டாக்டர். குனிஞ்சு பாருங்க."

இருவரும் குனிந்தோம். காரின் வயிறு சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதன் கீழே, தரையில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவர் போன பிறகு, பழைய எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். ஒரு லிட்டர் குறைந்திருந்தது. அடியில் வைத்த தட்டில் ஈரமே இல்லை.

திங்கள்கிழமைதோறும் மறக்காமல் அந்த எஞ்சினில் எண்ணெய் ஊற்றி நிரப்புகிறேன். டாக்டரின் பளிங்குக்கு நான் குறை வைப்பதில்லை.