பாதி வாக்கியம்

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியபோது என் மனைவி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் காவலுக்கு நிற்கிறவர் மாதிரி.

அவள் என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டர்தான் வாய். அவள் டைப் அடிப்பாள், அது பேசும். பேசுவது கடையில் கிடைக்கிற இயந்திரக் குரல் இல்லை. துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக வாசித்துச் சேர்த்த குரல். நடுவில் தும்மினால் அந்த வாக்கியம் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் குரல் இருக்கிற ஹார்டு டிஸ்க் கொஞ்ச காலமாகவே கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மாற்றுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதில் நான் கெட்டிக்காரன்.

கடைசியில் அது சண்டையாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சண்டை தனியாக வராது, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் வரும். நான் மறந்துபோன கல்யாண நாள், அவள் தம்பியின் நிச்சயதார்த்தத்தில் நான் நாற்காலியிலேயே தூங்கியது என்று எல்லாம் வந்து நின்றன. அவள் கீபோர்டைப் போட்டு அடித்தாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுதான் நான் செஞ்ச ஒரே"

அவ்வளவுதான். டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டது. திரை நீலமாகி, பிறகு இருண்டுவிட்டது.

செஞ்ச ஒரே என்ன?

போனில் எழுதிக் காட்டு என்று கெஞ்சிப் பார்த்தேன். பால் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது என்பதையெல்லாம் எழுதிக் காட்டினாள். சண்டையை மட்டும் எழுத மாட்டாளாம். எழுதினால் மனு கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம்.

எதிர்வீட்டுக்காரர்கூட மாடிப்படியில் என்னை நிறுத்தி, "என்ன சார், ரெண்டு நாளா சத்தமே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன்.

நன்றாக இல்லை. பயமாக இருந்தது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பாள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதைக் காதால் கேட்டுவிடுவது வேறு.

பழைய டிஸ்கைக் கழற்றி மேஜைமேல் தள்ளி வைத்தேன். புது டிஸ்க் எஸ்எஸ்டி ரகம், ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. இரண்டையும் சேர்த்து மாட்டிவைத்து, அவசரத்தில் தப்பானதை அழித்துத் தொலைத்தால் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்குத்தான் அவளிடம் குரல் இருக்காது.

பென் டிரைவைச் செருகி ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். கம்ப்யூட்டர் புது சம்பந்தி மாதிரி எல்லாவற்றையும் விசாரித்தது. எந்த மொழி, எந்த ஊர் நேரம், பெயர் என்ன. அவள் பெயரைக் கொடுத்தேன்.

பிறகு பழைய டிஸ்கை ஒரு கேபிளில் வெளியிலிருந்தே மாட்டினேன். குரல் ஃபோல்டரை இழுத்துவிட்டதும் பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றுவிட்டது. டிஸ்க் மறுபடி கடகடத்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் எழுந்து வந்து டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். சாய்த்துப் பிடித்தாள். கோடு நகர்ந்தது. அது முடிகிற வரைக்கும் அவள் அசையவே இல்லை. நானும் மூச்சு விட்ட ஞாபகம் இல்லை.

பேசுகிற மென்பொருளைப் போட்டு, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினேன். ஏதோ அடித்து என்டரைத் தட்டினாள். சத்தமே இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். மைக் துளையில் நான் செருகியிருந்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, அடுத்த துளையில் செருகினாள்.

"ஒரு ஸ்க்ரூ வெளியிலயே கிடக்கு," என்றது ஸ்பீக்கர்.

கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பாதியில் விட்டதைச் சொல்லிவிடு என்று சைகை காட்டினேன். வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை.

அவள் அடித்தாள்.

"ஒரே தப்புன்னு சொல்ல வந்தேன்."

தெரிந்ததுதான். அவள் கையை எடுக்கவில்லை, இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா யோசிச்சேன். ஒரே தப்பு இல்ல. இன்னும் நாலஞ்சு இருக்கு."

அவளுக்குச் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். குலுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஸ்க்ரூ கையில்தான் இருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் சொல்வது நன்றாகக் கேட்டது.

"அந்த சார் தனியாப் பேச ஆரம்பிச்சுட்டாரு, பாவம்."

அவர்கள் இந்தத் தெருவுக்குப் புதிது. நான் ஒன்றும் விளக்கப் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் நல்ல நல்ல பெண் குரல்களாகப் போட்டுக் காட்டி, எது வேண்டும் என்று அவளைக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேறு எவளும் என் வீட்டில் என் புருஷனோடு பேச வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே அலமாரிக்குள் போய் உட்கார்ந்து வாசித்தது நான்.