குடையை மறந்தவள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை இது.

பெயிண்டருக்குக் கீழ்த்தாடையில் ஒரு கட்டி. தெருவிலிருந்த பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் விட்டுவைத்தால் எலும்பை அரித்துவிடும் என்றார். இது தன் கைவேலை இல்லை, வாய்க்கும் தாடைக்கும் ஆபரேஷன் பண்ணவென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று பேரைச் சொல்லி அனுப்பினார்.

ஒருத்தரைப் பார்த்தால் போதும் என்றார் பெயிண்டர். மூன்று பேரையும் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள் மனைவி.

முதல் டாக்டருடைய அறையில் பெரிய மீன் தொட்டி. என்ன படித்தீர்கள், இப்படி எத்தனை தாடை பார்த்திருக்கிறீர்கள், கூட யார் இருப்பார்கள் என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். பெயிண்டருக்கு மானம் போனது.

"உங்கப்பா மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு விசாரிக்கலையே," என்றார் வெளியே வந்து.

"அதான் இன்னைக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்."

பஸ் நிறுத்தம் வந்ததும் குடையை உள்ளேயே விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனாள். வரும்போது முகம் சரியில்லை. இந்த டாக்டர் வேண்டாமாம். வளர்க்கிற மீனே வாடிக் கிடக்கிறதாம்.

இரண்டாமவர் ஊரெல்லாம் பேர் வாங்கியவர். தோளில் கை போட்டுப் பேசினார். பெயிண்டருக்கு அப்பவே பாதி வலி போய்விட்டது. வெளியே வந்தால் மறுபடியும் குடை. மறுபடியும் வேண்டாம். அவருக்குச் சிரிப்பு ஜாஸ்தியாம்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. குடை எதற்கு, அதை மறப்பானேன்? இவளுக்கு வயசாகிவிட்டது என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார். அவளுக்காகக் காத்து நிற்கையில் வாய் தானாகப் பழைய பாட்டு ஒன்றைச் சீட்டியடித்தது.

அந்தச் சீட்டிக்கு ஒரு கதை உண்டு. வாலிபத்தில் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்தபடி அவர் சீட்டியடிப்பார். எதிர் வீட்டுப் பெண் சன்னலைப் படாரென்று சாத்துவாள். மறுநாளும் சாத்துவாள். சாத்தணும்னா முதலில் திறக்கணுமே என்று நாலாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண்தான் இப்போது குடையோடு வருகிறவள்.

கல்யாணத்துக்குப் பிறகும் திட்டு நிற்கவில்லை. வேலை முடிந்து தெருமுனையில் சீட்டியடித்தால் போதும், சன்னலில் தலை தெரியும். ரவுடி மாதிரி இதென்ன பழக்கம் என்பாள்.

"கட்டியோட சேர்த்துச் சீட்டியையும் எடுத்துடச் சொல்லு. உனக்கு நிம்மதி," என்றார் பெயிண்டர்.

அவள் குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள்.

மூன்றாவது ஒரு பெண் டாக்டர். மாடியில் சின்ன அறை. அளந்து பேசினார். அங்கேயும் குடை தங்கிவிட்டது. இந்தத் தடவை அவள் வர ரொம்ப நேரமானது.

"இந்தப் பொண்ணே பண்ணட்டும்."

"ஏன், இங்க மீன் இல்லையா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீக்கம் வடிந்த பிறகு தனியாகவே காட்டப் போனார். டாக்டர் ஊசிமுனையால் கீழ் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பாதி உதடு மரத்துக் கிடந்தது.

"சீட்டி அடிச்சுப் பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

பெயிண்டர் விழித்தார்.

"அன்னைக்குக் குடை எடுக்க வந்தப்ப அம்மா அதைத்தான் கேட்டாங்க. அவருக்குத் திரும்பச் சீட்டி வருமான்னு. முதல் டாக்டர், இந்த வயசுல சீட்டி எதுக்குன்னு சிரிச்சாராம். அடுத்தவர், படத்தைப் பார்க்காமலே எல்லாம் வரும்னாராம். கட்டியை ஒட்டியே நரம்பு ஓடுது, அதைக் காப்பாத்தப் பார்ப்பேன், ஆனா சத்தியம் பண்ண முடியாதுன்னு நான் சொன்னேன். முடியாதுங்கிறதைச் சொல்லத் தெரிஞ்ச கையில கத்தி இருக்கட்டும்னு சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டாங்க."

நரம்பு பிழைத்திருக்கிறது, உணர்வு திரும்ப மாசக்கணக்காகும், பொறுங்கள் என்று அனுப்பினார்.

பெயிண்டருக்குப் பொறுக்க முடியவில்லை. தெருமுனையில் இறங்கியதும் உதட்டைக் குவித்து ஊதினார். வந்தது வெறும் காற்று. இன்னொரு தடவை ஊதினார். காலடியில் படுத்திருந்த நாய்கூடக் காதை அசைக்கவில்லை.

வீட்டுச் சன்னல் திறந்தது.

"நடுத்தெருவுல நின்னு என்னங்க சீட்டி? காது கிழியுது."

சொல்லிவிட்டு, சன்னலைப் படாரென்று சாத்தினாள்.